கட்டளை வரியில் ஒரு சிறுகோடு

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கட்டளையைத் தட்டி என்டர் விசையை அழுத்தியதும் அந்த வரியை முதலில் படிப்பது ஷெல். இடைவெளி கண்ட இடத்தில் வரியைச் சொற்களாக வெட்டுவதும், மேற்கோள் குறிக்குள் இருப்பதை ஒரே சொல்லாக வைத்துக்கொள்வதும், நட்சத்திரக் குறி இருந்த இடத்தில் கோப்புப் பெயர்களை நிரப்புவதும் அதன் வேலை. பிறகு எக்ஸெக்விஇ என்னும் அமைப்பு அழைப்பின் வழியாக அந்தச் சொற்கள் கெர்னலுக்குப் போகின்றன. கெர்னல் அவற்றைப் புதிய நிரலின் ஸ்டாக்கில் வைத்து, எண்ணிக்கையை ஆர்க்சி என்றும் சொற்களின் வரிசையை ஆர்க்வி என்றும் நிரலிடம் ஒப்படைக்கிறது. ஒரு சொல் 128 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்பது போன்ற அளவுகளை லினக்ஸ் கெர்னல் பார்க்கும். சொல்லின் பொருளைப் பார்க்காது. சிறுகோட்டில் தொடங்கும் சொல் ஓர் ஆப்ஷன் என்பது கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. அது நிரல் எழுதுவோர் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் மட்டுமே.

டாஸில் இந்த வேலைப் பிரிவினை கிடையாது. கட்டளையின் பெயருக்குப் பின் வந்த எழுத்துகள் அப்படியே 128 பைட் இடமொன்றில் வைக்கப்படும். முதல் பைட் நீளத்தைச் சொல்லும். வெட்டுவது நிரலின் பாடு. விண்டோஸும் இன்றுவரை முழு வரியை ஒரே சரமாகவே கொடுக்கிறது. அதனால் மேற்கோள் குறியையும் பின்சாய்வுக் கோட்டையும் இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள அங்கே இடமுண்டு.

யூனிக்ஸின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு நிரலும் ஆர்க்வியைத் தன் போக்கில் படித்தது. டார் கட்டளைக்குச் சிறுகோடு இல்லாமலே எழுத்துகளைக் கொடுக்கலாம். டிடி கட்டளையோ சமன்குறியிட்ட இணைகளைக் கேட்கிறது. இந்தச் சிதறலுக்கு ஒழுங்கு தந்தது கெட்ஆப்ட் என்னும் சிறு செயற்கூறு. ஏடி அண்ட் டி நிறுவனம் அதன் மூலநிரலை 1985-இல் டாலஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் பொதுவில் வழங்கியது. பின்னாளில் அது போசிக்ஸ் தரநிலையிலும் இடம்பெற்றது. அளவில் மிகச் சிறியது. ஆனால் யூனிக்ஸ் கட்டளைகள் ஒரே குடும்பமாகத் தோன்றுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் சொல்வது கடினம்.

அது வேலை செய்யும் விதத்தைச் சார்ட் கட்டளையில் பார்க்கலாம். 'ஆர்' என்ற ஆப்ஷன் வரிசையைத் தலைகீழாக்கும். 'கே' எந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துவது என்று சொல்லும், அதற்கு ஒரு மதிப்பு வேண்டும். கெட்ஆப்ட்டுக்கு இதைச் சொல்ல 'ஆர்கே:' என்ற வடிவச் சரம் போதும். முக்காற்புள்ளிதான் முந்தைய எழுத்துக்கு மதிப்பு உண்டு என்பதன் அடையாளம். '-ஆர் -கே 2' என்று பிரித்தும், '-ஆர்கே2' என்று சேர்த்தும் எழுதலாம், இரண்டும் ஒன்றே. '-கேஆர்' என்று மாற்றினால் கதை மாறிவிடும். 'கே'யைக் கண்டதும் அந்தச் சொல்லில் மிச்சமிருப்பது எல்லாம் அதன் மதிப்பு. ஆகவே 'ஆர்' பத்தி எண்ணாகப் போய்ச் சேர, சார்ட் பிழை காட்டி நின்றுவிடும். தனித்து நிற்கும் இரட்டைச் சிறுகோடு வந்தால் ஆப்ஷன்கள் அங்கே முடிந்தன. ஒற்றைச் சிறுகோடு தனியாக வந்தால் அது ஆப்ஷனே அல்ல. பல கட்டளைகளில் அது வழக்கமான உள்ளீட்டைக் குறிக்கும்.

குனு திட்டம் இதன்மேல் இரட்டைச் சிறுகோட்டில் தொடங்கும் நீண்ட பெயர்களைச் சேர்த்தது. வேறொரு ஆப்ஷனோடு குழம்பாத அளவுக்குப் பெயரின் முன்பகுதியை மட்டும் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். கையால் தட்டும்போது இது வசதி. ஸ்கிரிப்டில் எழுதி வைப்பது தவறு. நாளை அதே எழுத்துகளில் தொடங்கும் புதிய ஆப்ஷன் வந்தால் பழைய ஸ்கிரிப்ட் நின்றுபோகும். இன்னொரு மாற்றம் இதைவிட ஆழமானது. போசிக்ஸ் விதிப்படி முதல் கோப்புப் பெயர் வந்ததும் ஆப்ஷன் தேடல் நிற்க வேண்டும். குனு கெட்ஆப்ட் ஆர்க்வியையே மாற்றி அடுக்கி, கடைசியில் கிடக்கும் ஆப்ஷனையும் முன்னே கொண்டுவரும்.

இதன் விளைவு கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் தெரியும். ஓர் அடைவில் '-ஆர்எஃப்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருப்பதாகக் கொள்வோம். 'ஆர்எம் *' என்று கொடுத்தால் ஷெல் அந்தப் பெயரையும் பட்டியலில் சேர்க்கும். அது ஷெல்லிடமிருந்து வந்த பெயரா, பயனர் தட்டிய ஆப்ஷனா என்று ஆர்எம்மால் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலில் அது எங்கே இருந்தாலும் குனு முறையில் அது ஆப்ஷன்தான். உள்ளடைவுகளும் கேள்வியின்றி அழியும். நட்சத்திரத்துக்கு முன்னால் இரட்டைச் சிறுகோடு இடுவதும், './*' என்று எழுதுவதும் இதற்குக் காப்பு. பிறர் கோப்பு வைக்கக்கூடிய அடைவில் ஓடும் எந்த ஸ்கிரிப்டிலும் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

கெர்னலுக்கும் சொந்தமாக ஒரு கட்டளை வரி உண்டு. பூட்லோடர் அதை ஒரே சரமாகத் தருகிறது. ஷெல் இல்லாத வேளை என்பதால் கெர்னலே வெட்டிக்கொள்கிறது. எக்ஸ்86 கணினிகளில் இதன் வரம்பு 2048 பைட். 'ரூட்=' என்பதுபோல் பெரும்பாலும் பெயரும் மதிப்புமாக இங்கே வரும்; முன்னால் சிறுகோடு கிடையாது. பெயருக்கு நடுவில் சிறுகோடு வந்தாலும் அடிக்கோடு வந்தாலும் ஒன்றாகவே கொள்ளப்படும். தனக்குப் புரியாத சொல்லைக் கெர்னல் முதல் நிரலான இனிட்டுக்குத் தள்ளிவிடும். இரட்டைச் சிறுகோட்டுக்குப் பின் வருபவை எல்லாம் இனிட்டுக்கே.

நிரலின் பெயரே ஆர்க்வியின் முதல் சொல்லாக வரும் என்பதும் வழக்கம்தான். அதை நம்பிய பிகேஎக்ஸெக் என்ற கட்டளையில் 2009 முதல் ஒரு பிழை இருந்துவந்தது. அந்தக் கட்டளை ரூட் அதிகாரத்தோடு ஓடுவது. ஆப்ஷன்களைப் படிக்கும் அதன் சுற்று 1-இல் தொடங்கியது. ஆர்க்வியைக் காலியாக விட்டு அழைத்தால் ஆர்க்சி 0. சுற்று ஒருமுறைகூட ஓடாது, எண் மட்டும் 1-இல் நிற்கும். ஸ்டாக்கில் ஆர்க்விக்கு அடுத்து இருப்பவை சூழல் மாறிகள். ஆகவே ஆர்க்வியின் 1-ஆம் இடம் என்று பிகேஎக்ஸெக் படித்ததும், பிறகு எழுதியதும் முதல் சூழல் மாறியின் இடத்தில். இந்த வழியாக, பாதுகாப்புக் கருதி முன்பே நீக்கப்பட்ட மாறியை மீண்டும் நுழைத்துச் சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம். குவாலிஸ் நிறுவனத்தார் 2022 ஜனவரியில் இதை வெளியிட்டனர். ஓபன்பிஎஸ்டி தப்பித்தது, காலி ஆர்க்வியோடு வரும் அழைப்பை அதன் கெர்னல் ஏற்பதில்லை. லினக்ஸ் அதே ஆண்டு மே மாதம் வந்த 5.18 பதிப்பில், ஆர்க்வி காலியாக வந்தால் வெற்றுச் சரம் ஒன்றைத் தானே முதல் சொல்லாக வைக்கத் தொடங்கியது.