கைவேலைக்கு ஏன் கூடுதல் விலை?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாத்திக் துணியை நம்மில் பலர் பார்த்திருப்போம். இன்னைக்கு மலேசியாவில், கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் மலாய் மக்கள் கையால் வரையும் பாத்திக் பற்றித் தெரிஞ்சுக்குவோம். அங்கே இந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருக்காங்க.

அதற்கு முன்பே அச்சால் மெழுகு பதிக்கும் முறை அங்கே இருந்தது. கையால் வரைவது 1960-களுக்குப் பிறகே நன்றாகப் பரவியது.

வெள்ளைப் பருத்தி அல்லது பட்டுத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவாங்க. மெழுகோடு பிசின் சேர்த்து உருக்கி, 'சாந்திங்' என்ற சின்னச் செம்புக் கருவியில் மொண்டு, அதன் மெல்லிய மூக்கு வழியாகப் பூவும் கொடியும் வரைவாங்க. இஸ்லாமிய மரபுப்படி மனித, விலங்கு உருவங்களைப் பெரும்பாலும் தவிர்ப்பாங்க. மெழுகு ஆறினால் கோடு ஓடாது. சூடு கூடினால் பரவிவிடும். கோட்டில் சிறு இடைவெளி விட்டாலும் சாயம் அடுத்த பூவுக்குள் போய்விடும்!

பிறகு தூரிகையால் சாயம் தீட்டி, அது நிற்பதற்குச் சோடியம் சிலிகேட் பூசி, ஊறவிட்டு அலசுவாங்க. கொதிநீரில் போட்டால் மெழுகு உருகிப் போகும். மெழுகு இருந்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

இவ்வளவு உழைப்புக்குப் போட்டி எது தெரியுமா? அதே பூவை இயந்திரத்தில் அச்சடித்த மலிவுத் துணி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது, வாங்குபவர் "இது மட்டும் ஏன் இவ்வளவு விலை?" என்றுதான் கேட்பார். பதில் துணியிலேயே இருக்கு. திருப்பிப் பாருங்க. கையால் வரைந்ததில் சாயம் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். கோடுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். விற்பவர் இதை எடுத்துச் சொன்னால்தான் வரைந்தவருக்குக் கூலி கட்டும்.

நமக்கும் இதே கதைதானே? ஊறுகாய் போட்டால் மாங்காய், எண்ணெய், உப்பு எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுறோம். நாம் உட்கார்ந்து வேலை செய்த நேரத்தை எழுதுறோமா? எழுதாவிட்டால் அந்த உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பொருள் கொண்டு வாங்க. அதைச் செய்ய ஆன மணி நேரத்தையும் எழுதிட்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து விலை போடுவோம்.