ஆகாய விமானமும் அரை மில்லிமீற்றரும்

(நமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயமும் தமிழும் முழங்கும் இம்மேடையில் ஆகாய விமானத்தின் உடற்சட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "மடவளையில் பஸ் வண்டி நேரத்துக்கு வருவதே அருமை; இவருக்கு விமானம் எதற்கு?" என்று யாரேனும் எண்ணினால் அது நியாயமே. ஆயினும் நான் சொல்ல வந்தது பறக்கும் வித்தையை அல்ல, பொருத்தும் வித்தையை. கராஜிலும், தச்சுப் பட்டறையிலும், அலுமினியக் கதவு வேலையிலும் கைபழகிய தம்பிமார் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களை நினைத்தே இப்பொருளைத் தேர்ந்தேன்.

விமானம் பெரிய தொழிற்சாலையில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை. ரைட் சகோதரர் தம் சைக்கிள் கடையில் பாகங்களைச் செய்து, பெட்டிகளில் அடைத்துக் கடற்கரை மணலுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தியே 1903 டிசம்பர் 17ஆம் திகதி 12 விநாடி பறந்தார்கள். நம் நாட்டிலும் ரே விஜேவர்தன என்னும் பெரியார் இருந்தார். 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர். இரு சக்கர உழவு இயந்திரமொன்றை உருவாக்கியவர். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு செலுத்தியவர். மொரட்டுவைப் பல்கலைக் கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். சிறு விமானங்களைத் தம் கையாலேயே கட்டித் தாமே ஓட்டிப் பறந்தார். 2010இல் மறைந்தார். பட்டம் பெற்ற பின்னும் கையில் எண்ணெய் பூசிக்கொள்ள வெட்கப்படாத அவரை நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டும்.

இக்காலத்தில் விமானத்தின் பாகங்களை வெட்டி, வளைத்து, பெட்டியில் அடைத்து விற்கும் கம்பெனிகள் உண்டு. அதற்குக் 'கிட்' விமானம் என்று பெயர். வாங்குபவர் வீட்டுக் கொட்டிலில் வைத்துப் பொருத்திக் கொள்வார். நான் கனடாவில் தொழில் பார்த்த காலத்தில், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இப்படி இரண்டு பேர் செல்லும் அலுமினிய விமானமொன்றைக் கட்டினார். என்னிலும் மூத்தவராதலால் 'அண்ணை' என்றே அழைப்பேன். மாலை வேளைகளில் நான் அவருக்குக் கையாளாக நின்றேன். அங்கே கற்றதையே இங்கு சொல்கிறேன்.

விமானத்தின் உடலை மீனுக்கு ஒப்பிடலாம். மீனின் விலா எலும்புகளைப் போல, மூக்கிலிருந்து வால் வரை தகட்டுச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றை நீளவாட்டில் இணைக்கும் நெடுஞ்சட்டங்கள் நான்கு. இவற்றின் மேல் தோலாக மெல்லிய தகடு வந்து போர்த்தும். தோல் மூடியபின் எலும்பின் கோணல் கண்ணுக்குத் தெரியாது, பறக்கும்போதுதான் தெரியும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் பஞ்சரதத்தைப் பாருங்கள். அச்சும் சட்டமும் நேராயிருந்தால்தான் வடம் பிடிப்பவர் இழுத்த வழியில் தேர் செல்லும். கோணலானால் ஒரு பக்கமே போகப் பார்க்கும். விமானமும் அப்படியே. அடியில் 60 சென்ரிமீற்றர் அகலமுள்ள சட்டமொன்று ஒரு பக்கம் 1 மில்லிமீற்றர் முன்தள்ளி நின்றால், அதை நம்பித் தொடரும் உடல் 4 மீற்றர் தூரத்து வாலில் ஆறேழு மில்லிமீற்றர் விலகிவிடும். கோணல் கூடக்கூட, நேராகப் போவதற்கே விமானி ஓயாது ஒரு காலால் மிதித்துக்கொண்டிருக்க நேரும்.

இதைத் தடுக்க விண்ணுலக வித்தை எதுவும் வேண்டாம். நம் மேசன்மாரும் தச்சரும் கையாளும் நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் இவையே போதும். ஒவ்வொரு சட்டத்திலும் முதலில் நடுக்கோடு கீற வேண்டும். மூக்கிலிருந்து வால் வரை நூல் இழுத்து, நடுக்கோடுகள் யாவும் அந்நூலில் வந்து அமரும்படி நிறுத்த வேண்டும். பின்பு குறுக்களவு: இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கும், வலது மேல்மூலையிலிருந்து இடது கீழ்மூலைக்கும் அளந்தால் இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும். வீட்டுக்கு அத்திவாரம் கீறும்போது செய்வதும் இதுதானே!

இன்னொரு நுட்பம். சட்டங்களின் தூரத்தை ஒன்றிலிருந்து அடுத்ததற்கென்று அளக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீற்றர் ஒரே பக்கமாகப் பிழைத்தால் பத்தாவது சட்டத்தில் 5 மில்லிமீற்றராகிவிடும். இயந்திரத்துக்குப் பின்னால் நிற்கும் முதற் சுவரை ஆரம்பக் கோடாக வைத்து, எல்லாவற்றையும் அதிலிருந்தே அளக்க வேண்டும். அளக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். 4 மீற்றர் அலுமினியம் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளும்.

அளவு சரியென்று கண்டபின்பும் உடனே ஆணி அடிப்பதில்லை. கழற்றக்கூடிய விற்சுருள் ஊசிகளைத் துளைகளில் மாட்டி, முழு உடலையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்கள். பின் எல்லாவற்றையும் கழற்றி, துளை விளிம்பின் பிசிறை நீக்கி, துருக்காப்புப் பூச்சுப் பூசி, மறுபடியும் கூட்டிய பிறகே றிவெற் அடிப்பார்கள். பொருந்தாத பாகத்தைக் கவ்வியால் இழுத்து வலிந்து மாட்டுவது பெரும் பிழை. அந்த இழுவிசை உலோகத்துக்குள்ளேயே தங்கியிருந்து, துளையோரத்தில் பிளவுக்கு வழி செய்யும். 1954இல் கொமெற் என்னும் ஜெற் விமானங்கள் இரண்டு ஆகாயத்தில் உடைந்து வீழ்ந்தன. காற்றழுத்தம் ஏறி இறங்கி உலோகம் களைத்து, திறப்புகளின் மூலையோரத்தில் பிளவு தொடங்கியதென்று ஆராய்ச்சியிற் கண்டார்கள். நம் சிறு விமானத்தில் அவ்வித அழுத்தம் இல்லை. ஆனாலும் பிளவு தொடங்கும் இடம் எதுவென்ற பாடம் ஒன்றே.

இனி என் பிழையைச் சொல்கிறேன். றிவெற் துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை, துளையின் குறுக்களவைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இடம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருநாள் மாலை, அண்ணை தேநீர் எடுக்கப் போயிருந்த வேளையில், நான்காவது சட்டத்தில் அவசரமாகத் துளையிட்டேன். துளை விளிம்பை நெருங்கிவிட்டது. பார்த்தவுடனே தெரிந்தது. 'தோல் மூடினால் யார் காணப்போகிறார்கள்? மூடுமுன் வரும் பரிசோதகர் கண்ணிலும் படாதிருக்கலாம்' என்று மனம் சொல்லியது. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அவ்விமானத்தின் இரண்டாவது ஆசனம் அண்ணையின் மகளுக்கென்று அவர் சொல்லியிருந்தார். அப்பிள்ளை பள்ளிக்கூடப் புத்தகத்துடன் கொட்டிலுக்கு வந்து அச்சட்டத்தின் அருகே நின்று வேடிக்கை பார்ப்பது என் கண்ணில் நின்றது. விடிந்ததும் போய்ச் சொன்னேன். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துளையை நெடுநேரம் பார்த்தார். ஏசவில்லை.

"தம்பி, தகடு வேறை வாங்கலாம். மேலை போனாப் பிறகு சொல்லியிருந்தா என்ன செய்யிறது?" என்றார்.

புதுச் சட்டம் வந்துசேர மூன்று கிழமை சென்றது. அதற்குரிய பணத்தை நான் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. புதுச் சட்டத்தைத் துளையிடும் வேலையையும் என்னிடமே தந்தார். அதுவே எனக்குக் கிடைத்த தண்டனையும் மன்னிப்பும். அவ்விமானம் பின்னர் பறந்தது. அண்ணையும் மகளும் ஏறிப்போன அன்று, நான் கீழே நின்று அந்த நான்காவது சட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாலிப நண்பர்களே! நீங்கள் விமானம் கட்டாமற் போகலாம். ஆனால் லொறிக்குப் பிறேக் பூட்டுவீர்கள். மாடிப்படிக்குக் கைபிடி ஒட்டுவீர்கள். வீட்டுக்கு மின்கம்பி இழுப்பீர்கள். யாவும் பூச்சுக்கும் தோலுக்கும் உள்ளே மறைபவை. துளையிடுமுன் இருமுறை அளவுங்கள். பிழைத்தால் அன்றே சொல்லுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிழையைச் சொல்ல வரும் பிள்ளையை ஏசி விரட்டாதீர்கள். அண்ணை அன்று ஏசியிருந்தால், அடுத்த பிழையை நான் மறைத்திருப்பேன்.