மேக நோயும் மானமும்



இத்திருப்பூரில் தைத்த பனியனை உலகமெல்லாம் போட்டுக் கொள்ளுகிறது. ஆனால் அதைத் தைத்த தோழனுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தாலும், மர்ம ஸ்தானத்தில் புண் வந்தாலும் அதை வெளியில் சொல்லத் தைரியமில்லை. இன்று அதைப் பற்றியே பேசப் போகிறோம். கேட்டு யாராவது முகஞ்சுளிப்பீர்களானால், அந்த முகச்சுளிப்புத்தான் நோயைவிடப் பெரிய நோய் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? கிருஷ்ணன் சாபத்தால் அவன் மகன் சாம்பனுக்குக் குஷ்டம் வந்ததாகவும், சூரியனைக் கும்பிட்டுத் தீர்ந்ததாகவும் புராணம் சொல்லுகிறது. தோலில் புள்ளி கண்டால் நாகதோஷம் என்கிறார்கள். ஆனால் 1873-ல் நார்வேயில் ஹான்சன் என்பவர் குஷ்டத்திற்குக் காரணமான கிருமியைக் கண்டார். 1905-ல் ஜெர்மனியில் ஷாவ்டின், ஹாஃப்மன் என்கிற இருவர் மேகப்புண்ணின் கிருமியைக் கண்டார்கள். 1943-ல் அமெரிக்காவில் அதைப் பென்சிலினால் தீர்த்தும் காட்டிவிட்டார்கள். ஆரம்பத்திலேயே வந்தால் இன்று ஒரே வேளை பென்சாத்தின் பென்சிலின், 24 லட்சம் யூனிட், போதும். விட்டுவிட்டாலோ மூளையையும் இருதயத்தையும் கெடுத்து, வயிற்றிலுள்ள பிள்ளையையும் தாக்கும். அந்தப் பிள்ளை செய்த பாவம் என்ன என்று சாஸ்திரிகளைக் கேளுங்கள்.

மருந்து இருந்தும் நோய் ஏன் போகவில்லை? காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போகிறவன் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் புறநோயாளர் சீட்டு பொதுவாகக் காலையோடு சரி. போனால் ஒருநாள் கூலி போச்சு. ஆகவே அவன் மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கித் தடவுகிறான். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு நான்கு நாள் அடங்கும். பிறகு படர்தாமரை முன்னிலும் பரவும், தோல் மெலிந்து வரிவரியாய் வெடிக்கும். 2018-ல் இப்படிப்பட்ட பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது, கேட்பவர் யார்? மேக நோய்க்காரனோ, லாட்ஜில் அறையெடுத்து உட்கார்ந்திருக்கும் ‘பரம்பரை வைத்திய’ரிடம் பணத்தையும் கொடுத்து, பயத்தையும் வாங்கி வருகிறான்.

பெண்கள் கதி இன்னும் மோசம். 1868-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சட்டம் செய்து தாசித் தொழில் செய்கிறவர்கள் என்று பதிவு செய்த பெண்களைக் கட்டாயமாகச் சோதித்து ஆஸ்பத்திரியில் அடைத்தது. அவர்களிடம் போன ஆண்களைத் தொடவில்லை. அச்சட்டம் 1888-ல் ஒழிந்தது. அந்தப் புத்தி ஒழியவில்லை. புருஷன் கொண்டுவந்த நோய்க்குப் பெண்டாட்டியின் நடத்தையைச் சந்தேகிக்கிறார்கள். எல்லா வெள்ளைபடுதலும் மேக நோயல்ல. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டரே ஒழிய மாமியாரல்ல. மேக நோயாயிருந்தால் இருவரும் மருந்து சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

2022-ல் இவ்வூருக்குச் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். 2017-ம் வருஷத்துச் சட்டப்படி சம்மதமின்றி அச்சோதனை செய்வதோ, அந்நோய்க்காக ஒருவரை அநியாயமாய் வேலையிலிருந்து நீக்குவதோ கூடாது. ஆகவே நாம் கேட்பது தர்மமல்ல, பாத்தியதை. கம்பெனி விடும் நேரத்திற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் தோல், மேக நோய் டாக்டர் இருக்க வேண்டும். கதவுள்ள தனியறை வேண்டும். பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும். ஒரிசா, பீகார் தோழர்களுக்கு அவர்கள் பாஷை தெரிந்தவர் வேண்டும். வைத்தியத்திற்குப் போன நேரத்திற்கு முதலாளிகள் கூலி பிடிக்கக் கூடாது.

இவற்றைச் சர்க்காரிடமும் முதலாளிகளிடமும் சங்கங்களின் மூலம் கேளுங்கள். ஆனால் மூன்றாவதாக ஒன்றுண்டு. அதை நாமேதான் செய்ய வேண்டும். பக்கத்து மெஷினில் இருப்பவன் சொறிந்தால் சிரிக்காமல், எங்கே போக வேண்டுமென்று சொல்லுங்கள். நோயை மறைப்பதல்ல மானம். தீர்த்துக் கொள்வதே மானம்.