கலாவின் ஊசியும் மகளின் இசைத்தொகுப்பும்



பத்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தில், அதுவும் திருப்பூரில், இங்கிலாந்தில் வெளிவந்த பாப் இசைத்தொகுப்பு ஒன்றைப் பற்றிய பேச்சு சிலருக்கு வியப்பளிக்கலாம். தொகுப்பின் பெயரைச் சொன்னால் வியப்பு பாதியாகக் குறையும். அதன் பெயர் ‘கலா’. 2007 ஆகஸ்டில் வெளியான அத்தொகுப்புக்கு, அதனை எழுதிப் பாடிய பெண் தம் தாயின் பெயரைச் சூட்டினார். அந்தத் தாய் ஊசியும் நூலுமாகப் பிழைத்தவர் என்றால் மீதி வியப்பும் இவ்வூரில் நில்லாது.

பாடியவர் எம்.ஐ.ஏ. என்று உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் இலண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, 1986இல் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் ஏதிலியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். தந்தை ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். இயக்கப் பெயர் அருளர். 2005இல் வெளிவந்த மகளின் முதல் தொகுப்புக்கு அப்பெயரே தலைப்பாயிற்று. போர்க்களம் புகுந்தவனுக்கு நடுகல் எடுப்பது நம் மரபு. அகதியாய்ப் போன நாட்டில் குறைந்த கூலிக்குத் தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவளுக்குக் கல் எடுப்பார் எவருமிலர். இரண்டாம் தொகுப்பு அந்தக் கணக்கை நேர்செய்தது.

அது உருவான விதமும் கேட்கத்தக்கது. அமெரிக்காவில் இசையமைக்க எண்ணியிருந்தவருக்கு 2006இல் விசா கிடைக்கவில்லை. ஆகவே இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து, போன இடத்து ஓசைகளைச் சேர்த்தார். சென்னையில் உறுமியைப் பதிவு செய்தார். ‘பாய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ ஆகிய பாடல்களில் அந்த உறுமி அதிர்கிறது. மாரியம்மன் நோன்பிக்கு உறுமி கேட்டு வளர்ந்த கொங்குச் செவிகளுக்கு, ஆங்கிலச் சொற்களுக்கு அடியில் அது விம்மி எழும்போது உடம்பு சிலிர்க்கும். ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து இளையராஜாவின் இசைத்துண்டு ஒன்று வருகிறது. ‘ஜிம்மி’ என்பது 1982இன் ‘டிஸ்கோ டான்சர்’ பாட்டின் மறுவார்ப்பு; சிறுவயதில் உறவினர் விருந்துகளில் அவர் ஆடிய பாட்டு அது.

இவ்வாறு எடுத்துச் சேர்க்கும் துண்டினை இசைத்துறையார் ‘சாம்பிள்’ என்பர். திருப்பூரில் சாம்பிள் என்றால் பையரின் ஒப்புதலுக்கு அனுப்பும் உருப்படி. எம்.ஐ.ஏ. செய்ததை இவ்வூர் மொழியில் சொல்வதாயின் ‘கட்பீஸ்’ வேலை என்பதே பொருந்தும். வெட்டியதில் மிஞ்சியதைப் பொறுக்கி, நிறம் பார்த்து, ஓவர்லாக் அடித்துப் புதுத்துணியாக்கும் வேலை. தையல் தெரியும்படிதான் தைத்திருக்கிறார், மறைக்க முயலவில்லை.

பெரும்புகழ் கண்ட பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’. ‘தி கிளாஷ்’ குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசை மீது அது அமர்ந்திருக்கிறது. வெளிநாட்டவரைக் கண்டால் விசாவையும் கொள்ளையையும் ஒருசேர நினைக்கும் மனநிலையை அது எள்ளுகிறது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கிறது, அடுத்து கல்லாப்பெட்டி திறக்கிறது. 2008இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் இடம்பெற்ற அப்பாட்டு, அவ்வாண்டே அமெரிக்கப் பில்போர்டு வரிசையில் 4ஆம் இடம் வரை ஏறியது. விசா மறுத்த நாடு கைதட்டிக் கேட்டது.

இத்தனை சொன்னபின் குறையையும் சொல்லியாக வேண்டும். தாளில் தனியே வைத்துப் படித்தால் இப்பாடல்களின் வரிகள் மெலிந்தவை. முழக்கங்களும் திரும்பத் திரும்ப வரும் சொற்களுமே மிகுதி. யாப்பறிந்தோர் முகம் சுளித்தால் அவர்களைக் குறைகூற இயலாது. துப்பாக்கி ஓசையை அணிகலனாக அணிகிறார் என்ற குற்றச்சாட்டிலும் சிறிது உண்மை உண்டு. இன்னொன்று: தாயின் பெயர் தலைப்பில் நின்றது, உறுமி அடித்தவர்களின் பெயரைக் கேட்டால், அத்தொகுப்பைக் கொண்டாடுவோருள் எத்தனை பேர் சொல்வர்? ஆயினும் தொகுப்பின் முகப்பில் நின்ற அந்த ஒரு பெயர் எல்லா வரிகளையும்விடக் கனமானது.

இவ்வட்டத்தின் கவியரங்குகளில் நொய்யலுக்குக் குறைவில்லை. சாயம் கலந்த ஆற்றுக்காக எழுதப்பட்ட கண்ணீர்க் கவிதைகளில் சில உண்மையிலேயே நல்லவை. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவுப் பேருந்து ஏறும் பெண்ணை, கைமடியாகச் சேர்ந்து பவர் டேபிளுக்கு உயர்ந்தவளை, அவள் பெயரிட்டு அழைத்த கவிதை அரிது. ‘தொழிலாளி’ என்கிறோம், ‘தாய்’ என்கிறோம், ‘பெண்ணே’ என்கிறோம். சட்டையின் கழுத்துப் பட்டியில் தைக்கும் லேபிலில் வாங்குபவனின் பெயர் இருப்பது வணிக வழக்கம். கவிதையின் தலைப்பை வைப்பது கவிஞனே. அதில் பையரின் ஒப்புதல் தேவையில்லை.

கலா இலண்டனில் தைத்தது ஆடையன்று, அரச விருதுகளின் பதக்க நாடாக்கள். 32 ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் கையால் தைத்தார் என்றும், அவரும் உறவுப் பெண் ஒருவருமே அந்நாட்டில் அவ்வேலையைச் செய்தனர் என்றும் மகள் கூறியிருக்கிறார். 2019இல் எம்.பி.ஈ. விருது அம்மகளுக்கே அறிவிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் கையால் அதனைப் பெற்றுக்கொண்டார். தாயின் உழைப்பைப் பெருமைப்படுத்தவே ஏற்றதாகச் சொன்னார்.