குறிக்கோளும் வளர்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குறிக்கோளும் வளர்ச்சியும் என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். பிழைப்பையோ படிப்பையோ நாடித் தமிழகத்திலிருந்து கங்கைக் கரைக்கு வந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் கூடியிருக்கும் அவை இது. குறிக்கோள் ஒன்றும் இல்லாமல் ஆயிரம் மைல் கடந்து யாரும் குடிபெயர்வதில்லை. ஆதலின், உயர்ந்த நோக்கம் வேண்டும் என்று உங்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. அந்நோக்கத்தை அடைய உழைக்கும் காலத்தில் நமக்குள்ளே நிகழும் வளர்ச்சியை நாம் கண்டு போற்றுகிறோமா என்பதே என் கேள்வி.

நம்மிற் பலர் போற்றுவதில்லை. பதவி உயர்வு வரட்டும், சொந்த வீடு அமையட்டும், அதன்பிறகுதான் வாழ்வு என்று எண்ணுகிறோம். அதுவரை கழியும் ஆண்டுகளை வெறுங் காத்திருப்பாகக் கணக்கிடுகிறோம். நுழைவுத் தேர்வில் பிள்ளைக்கு எதிர்பார்த்த இடம் கிடைக்கவில்லையானால், இரண்டாண்டு உழைப்பும் வீண் என்று வீடே தீர்ப்பளித்துவிடுகிறது. பதினேழு வயதுப் பிள்ளை அத்தீர்ப்பை அப்படியே நம்பிவிடுகிறது. இதனால் விளையும் கேடு சிறிதன்று. இந்த எண்ணம் பிழையானது என்பதற்கு, நாம் வாழும் இந்நகரின் வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு.

1907 ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதுகூட நிறையாத இளைஞர் ஒருவர் நிதித் துறையில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் பணியேற்கக் கல்கத்தா வந்தார். திருவானைக்காவில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர வேங்கடராமன் அவர். பௌபஜார் வீதியில் 210 ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றார். அன்று முதல் காலையில் அலுவலகம் செல்லுமுன்னும் மாலையில் அலுவலகம் விட்ட பின்னும் அவருடைய ஆராய்ச்சி அங்கே நடந்தது. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்ட காலம் நீங்கலாக, 1917 வரையில் இவ்வாறே இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார்.

அப்பத்தாண்டுகளில் அவர் எதை ஆராய்ந்தார்? பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றுத் தந்த பொருளை அன்று. வில்லால் மீட்டப்படும் வயலின் தந்தி எவ்வாறு அதிர்கிறது, வீணையின் நாதம் எவ்வாறு பிறக்கிறது என்பன போன்ற வினாக்களே அக்காலத்தில் அவர் கருத்தைப் பெரிதும் கவர்ந்தன. மிருதங்கமும் தபலாவும் ஏனைய தோற்கருவிகளைப் போலன்றி இனிய சுரங்களை எழுப்புவது ஏன் என்பதைச் சிவகாளி குமாருடன் சேர்ந்து ஆராய்ந்து 1920 இல் வெளியிட்டார். 1928 ஐ மட்டும் மனத்திற் கொண்டு பார்ப்பவருக்கு இவை வழிதவறிய ஆண்டுகளாகத் தோன்றக்கூடும். ஆனால் அலைகளின் இயல்பை ஆழ்ந்து அறியும் நோக்கும், எளிய கருவிகளைக் கொண்டு நுட்பமாக அளக்கும் கைத்திறனும் அந்த ஆண்டுகளில்தான் அவருக்கு முற்றின.

அவ்வளர்ச்சியை அவரும் உணர்ந்திருந்தார். துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை அளிக்க முன்வந்தபோது, ஊதியம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று தெரிந்தும் 1917 இல் அதை ஏற்றார். பதவியை மட்டும் அளவுகோலாகக் கொண்டவருக்கு அது இறக்கமே. தாம் எவ்வாறு வளர்ந்திருக்கிறோம் என்று அறிந்தவருக்கு அது ஏற்றம்.

1921 இல் இங்கிலாந்து சென்று திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். அது வானத்தின் நிழலாட்டம் மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்வதால் உண்டாவது என்று நிறுவினார். அதன்பின் அவரும் மாணவர்களும் பல பொருள்களில் ஒளிச்சிதறலை ஆராயலாயினர். 1923 இல் அம்மாணவர்களுள் ஒருவராகிய கே. ஆர். இராமநாதன், தண்ணீரில் சிதறிய ஒளியோடு வேறு நிறமுடைய மங்கிய ஒளி ஒன்றும் கலந்திருக்கக் கண்டார். நீரிலுள்ள மாசே காரணம் என்று கருதி, மீண்டும் மீண்டும் தூய்மை செய்து பார்த்தும் அது மறையவில்லை. தேடிய பொருள் அதுவன்று என்று ஒதுக்கிவிடாமல், கண்டது கண்டபடி பதிவு செய்தார்கள். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1928 பிப்ரவரி 28 அன்று, அந்த மங்கிய ஒளியே இராமன் விளைவு என்று உறுதியாயிற்று. வழியில் கிடைத்த சிறு பேற்றை மதித்துக் குறித்துவைத்தவர்களுக்கு, அதுவே பெரும் பேற்றின் வாயிலாக அமைந்தது.

இராமன் ஆசையற்ற துறவி அல்லர். 1930 இல் நோபெல் பரிசு அறிவிக்கப்படுமுன்னரே ஐரோப்பா செல்லக் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்று சொல்வதுண்டு. வளர்ச்சியைப் போற்றுதல் ஆசையின் உயரத்தைக் குறைக்கும் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்த்தல் நன்று.

அன்பர்களே! பரிசு பெற்றவரைப் பற்றிப் பேசுதல் எளிது. அக்கண்டுபிடிப்பில் அவரோடு தோளொடு தோள் நின்று உழைத்த கே. எஸ். கிருஷ்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வத்திராயிருப்பில் பிறந்து, 1920 இல் படிப்பதற்காகக் கல்கத்தா வந்து, 1923 இல் இராமனிடம் ஆராய்ச்சி செய்யச் சேர்ந்தவர் அவர். புதிய ஒளியைப் பற்றி 1928 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் உள்ளன. 1930 ஆம் ஆண்டுப் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பரிசே வாழ்வின் அளவுகோல் என்றால், கிருஷ்ணனின் கல்கத்தா ஆண்டுகளை நட்டக் கணக்கில் எழுத வேண்டும். அவர் அவ்வாறு எழுதவில்லை. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்று, படிகங்களின் காந்தப் பண்புகளைப் பற்றித் தமக்கென ஓர் ஆராய்ச்சித் துறையையே வளர்த்தார். 1933 இல் பௌபஜார் வீதிக் கழகத்திற்கே பேராசிரியராகத் திரும்பினார். 1947 இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். பரிசு பிறர் கையில் உள்ளது. பெற்ற ஆற்றலை ஒருவரும் பறிக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அக்கழகத்தை 1876 இல் நிறுவிய டாக்டர் மகேந்திரலால் சர்க்காரையும் இங்கே நினைத்தல் தகும். தாம் கனவு கண்ட அளவுக்கு ஆராய்ச்சி தழைக்கவில்லையே என்ற மனக்குறையோடு அவர் 1904 இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து இராமன் உள்ளே நுழைந்தபோது, அவர் கட்டிய கூடமும் தேடிச் சேர்த்த கருவிகளும் காத்திருந்தன. கழகம் பின்னர் யாதவ்பூருக்குப் பெயர்ந்தது. பௌபஜார் வீதியும் பெயர் மாறிவிட்டது. ஆயினும் அப்பெரியார் தம் முயற்சியை வீண் என்று எண்ணிக் கைவிட்டிருப்பாராயின் நமக்கு இந்த வரலாறே இல்லை.

திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். முன்னது உள்ளத்தின் உயர்வு; பின்னது இடையறாத முயற்சி. நூற்று முப்பத்து மூன்று அதிகாரங்களுள் 'வெற்றி' என்ற பெயரில் ஒன்றும் இல்லை. நம் கையில் உள்ளவற்றிற்கே அவர் இலக்கணம் வகுத்தார் என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வளர்ச்சியைப் போற்றுதல் வேறு. தன்னைத் தானே மெச்சிக்கொண்டு சோம்பியிருத்தல் வேறு. முன்னவன் சென்ற ஆண்டைவிட இன்று தனக்கு என்ன கைகூடுகிறது என்று கேட்டு, விடையைச் சான்றோடு தருவான். பின்னவன் அக்கேள்வியையே கேட்பதில்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் அறிக்கை வாசிக்கிறது. ஒவ்வொருவரும் தமக்கென்று அத்தகைய அறிக்கை ஒன்றை எழுதிப் பார்க்கலாம். இவ்வாண்டில் எந்த வேலையைப் பிறர் துணையின்றிச் செய்யக் கற்றோம்? அண்டை வீட்டாரோடு வங்காளத்தில் எவ்வளவு தயக்கமின்றிப் பேசுகிறோம்? எந்தத் துன்பத்தைச் சென்ற ஆண்டைவிடப் பொறுமையாகத் தாங்கினோம்? பிள்ளைகளிடமும் மதிப்பெண்ணைக் கேட்குமுன், நேற்று விளங்காத எது இன்று விளங்கியது என்று கேட்போமாக. தேர்வில் தோற்ற பிள்ளையிடத்தும் அக்கேள்விக்கு விடை இருக்கும். அந்த விடையைப் பெற்றோர் செவிமடுத்துக் கேட்டால், அப்பிள்ளை மறுபடியும் எழுந்து நடக்கும்.

குறிக்கோள் உயர்ந்ததாகவே இருக்கட்டும். அதை எட்டும் நாள் வாழ்வில் ஒரு நாளே. அதற்காக உழைக்கும் நாட்களோ பல்லாயிரம். அந்நாட்களைப் பழித்துக் கழிக்காமல் போற்றி வாழ்வோமாக.