அறிவின் விளைச்சலுக்கும் உரிய பங்கு

(திருச்சுழியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வானம் பார்த்த பூமி நமது திருச்சுழி வட்டாரம். தண்ணீரின் அருமை அறிந்த நம் முன்னோர் கண்மாய் நீரை முறை வைத்துப் பாய்ச்சினர். மடை திறந்து வயல்தோறும் நீர் சேர்த்த நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடைக் களத்திலேயே நெல் அளந்து கொடுத்தனர். விளைச்சலுக்கு உழைத்தவர் வெறுங்கையுடன் திரும்பலாகாது என்பதே அம்முறையின் கருத்து. அதனைப் புதியதொரு விளைச்சலுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது.

உழவர்களிற் சிலர், கரிசலில் பருத்தியும் மானாவாரி மிளகாயும் பயிரிடும் பக்குவத்தைக் கைபேசியில் படமெடுத்து யூடியூப் வாயிலாகப் பலரும் அறியச் சொல்லுகின்றனர். வேறு சிலர் இணையத்தில் எழுதுகின்றனர். பார்ப்போர் பெருகினால் விளம்பரத்தின் வழியே சிறு வருவாய் கிட்டுகிறது.

இதனிடையே சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தோன்றியுள்ளன. மக்கள் எழுதி வைத்தவற்றைக் கொண்டே அவை பயிற்சி பெறுகின்றன. "மிளகாயில் இலை சுருளுகிறதே, என் செய்வது?" என்று கேட்டால் நொடியில் விடை வருகிறது. கேட்டவருக்கு அது வசதியே. ஆனால் விடை கிடைத்தபின் அவர் மூலப் பக்கத்தை நாட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. எழுதியவருக்கு வாசகரும் இல்லை, வருவாயும் இல்லை. மனம் சலித்து அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டால், அக்கருவிதான் புதிதாக எதைக் கற்கும்?

இங்கு ஒன்றைத் தெளிதல் வேண்டும். பயிர் செய்யும் முறை ஊருக்குப் பொது. அதை ஒருவர் தம் சொல்லில் எழுதிய கட்டுரையும் எடுத்த படமுமே அவருக்கு உரியவை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் காப்பது இவற்றையே. பதிவு செய்யாவிடினும் படைத்த அன்றே அவ்வுரிமை உண்டாகிறது.

இவ்வுரிமை பற்றிய வழக்குகள் எழுந்துள்ளன. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. முறையாகப் பெற்ற படைப்புகளை இக்கருவிகளின் பயிற்சிக்குப் பயன்படுத்தப் பொது உரிமம் அளிக்கலாம். படைத்தவர் அதை மறுக்க இயலாது. ஆயின் நிறுவனங்கள் தம் வருவாயில் ஒரு பங்கைச் செலுத்துதல் வேண்டும். ஒரே பொது அமைப்பு அதைத் திரட்டிப் படைத்தோர்க்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அக்குழுவின் யோசனை. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் இதற்கு உடன்படவில்லை.

அமெரிக்காவில் ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனம், திருட்டுப் பிரதிகளாக இறக்கிக்கொண்ட நூல்கள் பற்றிய வழக்கில் 150 கோடி டாலர் தர 2025-இல் இசைந்தது. நூல் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர். ஆனால் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான நூல்களே அவ்வுடன்படிக்கையில் இடம்பெற்றன.

நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. மழை பொய்த்துப் பயிர் கருகினாலும், அடங்கலில் ஏறாத பயிருக்குக் காப்பீட்டுத் தொகை பெற நாம் படும் பாடு யாவரும் அறிந்ததே. குத்தகைக்கு உழுதவர் நிவாரணத்திற்கு அலைந்ததையும் கண்டிருக்கிறோம். நாளை இப்பங்கீடு நடைமுறைக்கு வருமாயின், பெரிய பத்திரிகைகளும் படக் கம்பெனிகளும் முதலில் பெயர் பதிந்துகொள்ளும். கரிசற் காட்டில் நின்று பேசிய உழவர் பட்டியலில் இல்லாது போகலாம்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்தல் நலம். எழுதுவோரும் படமெடுப்போரும் தம் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்து மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். தனித்தனியே நில்லாது, உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஒன்று சேர்ந்து பதிவுக்கு உதவுதல் வேண்டும். தமிழில் படைக்கும் சிறியோர்க்கும் பங்கீட்டு அமைப்பில் இடம் வேண்டும் எனக் கிராம சபைகளில் பேசித் தீர்மானம் அனுப்புதல் வேண்டும்.

புதிய கருவியை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. டிராக்டர் வந்தபோதும் ஏற்றுக்கொண்டோம், வாடகையையும் கொடுத்தோம். அதுபோல் நம் அறிவைக் கொண்டு விளைவோர் நமக்குரிய படியை அளப்பதே முறை. அதற்கு இன்றே நம் கணக்கைச் சரியாக எழுதி வைப்போமாக!