வேலை கிடைத்த அப்பாவின் கணக்கு



பிரிட்டனில் பெற்றோர் பிரிந்துவிட்டால், பிள்ளையுடன் இல்லாதவர் வளர்ப்புச் செலவுக்குப் பணம் தர வேண்டும். தொகையை அவர்களுக்குள் பேசி முடிக்கலாம். முடியாதபோது அரசின் சேவை நிர்ணயிக்கும். அப்பா வேலையின்றி அரசு உதவித்தொகையில் வாழ்ந்தால் பொதுவாக வாரத்துக்கு 7 பவுண்ட். ஒரு ஜோடி பள்ளிக்கூடச் சப்பாத்துக்குக்கூடக் காணாது.

அவருக்கு வேலை கிடைக்கிறது. வரிக்கு முந்தைய சம்பளம் வாரம் 300 பவுண்ட் என்று வையுங்கள். ஒரு பிள்ளை என்றால் 12 சதவீதம், 36 பவுண்ட். இரண்டு பிள்ளை என்றால் 16 சதவீதம், 48. ஏழிலிருந்து ஒரே தாவல்! பிள்ளை ஆண்டுக்கு 52 இரவாவது அவர் வீட்டில் தங்கினால் கொஞ்சம் குறையும்.

அதே சமயம், யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவி வாங்குகிறவருக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவித்தொகை குறைகிறது. முதல் சம்பளமோ பெரும்பாலும் மாதக் கடைசியில்தான். இந்த இடைவெளியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முன்கூட்டியே யாராவது இதை உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும்.

ஆகவே வேலையில் சேர்ந்ததும் தொகையை நிர்ணயிக்கும் அந்த அரசு சேவைக்குச் சொல்லிவிடுங்கள். பாக்கி விழுந்தால் முதலாளியிடமே சொல்லிச் சம்பளத்தில் பிடிப்பார்கள். கைக்கு வரும் தொகையில் 40 சதவீதம் வரை போகலாம்.

தாய்மாருக்கும் ஒரு செய்தி: இப்படி வரும் பணத்தால் உங்கள் யுனிவர்சல் கிரெடிட் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. பயப்படாமல் கேளுங்கள்.